எத்தனை மீட்டர் தள்ளினால் பரவாயில்லை?

வாசகர் கேள்வி – பதில்

கையடக்க ஜிபிஎஸ் கருவி பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், எந்த மரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்து வைப்பதற்காக இந்தக் கருவியை வாங்கினேன். இருபது வருடம் ஆகப்போகிறது. ஓய்வு பெற்ற பிறகு, குளத்துப் பறவைகளை எண்ணப் போகிறவர்களோடும் அதையே எடுத்துக்கொண்டு போகிறேன். யார் என்னிடம் ஜிபிஎஸ் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வேலைக்கு எத்தனை மீட்டர் தள்ளினால் பரவாயில்லை? அதைச் சொல்லிவிட்டால் பாதிப் பதில் வந்துவிடும்.

*

டீச்சர், மொபைலிலேயே மேப் வருகிறது. அப்புறம் எதற்குத் தனியாக ஒரு கருவி? மலைக்கு மேலே டவர் கிடையாது, அங்கே மொபைலில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்கிறார்களே, அதுதான் காரணமா?
— கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

அது காரணம் இல்லை தம்பி. ஃபோனுக்குள் இருப்பதும் அதே ஜிபிஎஸ்தான். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புகிற சிக்னலை அது நேராக வாங்கிக்கொள்கிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள் கிடைத்தால் இடம் சொல்லிவிடும். இதில் டவருக்கு வேலையே இல்லை. டவர் போனால் கூடவே போவது மேப் மட்டும்தான், ஏனென்றால் அது இணையத்திலிருந்து வருகிறது. பாபநாசத்தில் இருக்கும்போதே மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் காரையாறு தாண்டியும் ஃபோன் இடத்தைக் காட்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. டவர் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை ஃபோன் இணையம் வழியாக வாங்கிக்கொண்டு சில விநாடிகளில் இடம் பிடித்துவிடும். டவர் இல்லாத இடத்தில் ஃபோனானாலும் கையடக்கக் கருவியானாலும் வானத்திலிருந்தே அந்த விவரம் வர வேண்டும். ஒரு செயற்கைக்கோள் தன் பாதையைச் சொல்லி முடிக்க 30 விநாடி ஆகும். மொத்தப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம். அதனால் பல மாதம் அலமாரியில் கிடந்த கருவியை எடுத்தால், வெட்டவெளியில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் இன்னும் தாமதமாகும்.

அப்புறம் எதற்குத் தனிக் கருவி என்றால், வெயிலுக்கும் மழைக்கும் பேட்டரிக்கும்தான். சித்திரை மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு குளத்துக் கரையில் நின்று ஃபோன் திரையைப் பாருங்கள். உங்கள் முகம்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் ஃபோன் தானாக அணைந்தாலும் ஆச்சரியம் இல்லை. கையடக்கக் கருவியின் திரை வெளிச்சம் பட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்படி செய்யப்பட்டது. மழையில் தொடுதிரை விரலுக்கு மசியாது, பட்டனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். முக்கியமாக, சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற அதே செல் இரண்டு போட்டால் இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும். தீர்ந்தால் அடுத்த இரண்டு செல். மூன்று நாள் மின்சாரம் இல்லாத இடத்தில் இருக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரை சின்னது, கூடவே வரும் மேப் பெரிய சாலைகளைத் தவிர ஒன்றும் காட்டாது, ஒரு ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகத் தேர்ந்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும். இன்றைக்கு வருகிற நல்ல ஃபோன்கள் இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்குகின்றன. இடத்தைச் சொல்வதில் என் பழைய கருவியை விட அவை மேல். வருடத்துக்கு இரண்டு முறை மாஞ்சோலைக்குப் போய் வருகிறவர் என்றால் ஃபோனும் ஒரு பவர் பேங்க்கும் போதும் என்பதுதான் என் தீர்மானமான பதில்.

*

அடர்ந்த காட்டுக்குள் ஜிபிஎஸ்ஸை நம்பலாமா?
— தென்காசி வாசகர்

திறந்த வானத்தின் கீழ் 3 முதல் 5 மீட்டர் துல்லியம். மரக்கூடாரத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் மலை எழும்பிய பள்ளத்தாக்கில், அது 20, 30 மீட்டராகலாம். சில நேரம் அதற்கும் மேல். நனைந்த இலைக் கூரை சிக்னலை உறிஞ்சுகிறது. பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல், நேராக வந்ததைவிடப் பிந்தி வருவதால் கருவியைக் குழப்புகிறது.

ஒரு முறை வனத்துறை அனுமதியோடு சேர்வலாறு பக்கம் செடி கணக்கெடுக்கப் போயிருந்தோம். வழிகாட்டியாக வந்தவர் காணி இனத்துப் பெரியவர். ஓடைக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம், அரை மணி நேரம் இருக்கும். கருவி என் பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து தடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், அந்த ஓடைக்கரையில் கோடு குருவிக்கூடு மாதிரி சிக்குண்டு கிடக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே நாங்கள் 400 மீட்டர் நடந்ததாகக் கணக்கு! காட்டில் கருவி சொல்லும் ‘நடந்த தூரம்’ பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். எட்டு கிலோமீட்டர் என்றால் ஏழாக வைத்துக்கொள்வேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து அம்புக்குறி. ‘இந்த இடத்துக்குப் போ’ என்று கொடுத்தால் கருவி காக்கை பறக்கும் வழியைத்தான் காட்டும். மணிமுத்தாறுக்கு மேலே ஒரு சரிவில், வண்டி நிறுத்திய இடம் 400 மீட்டர் என்று திரை சொன்னது. அம்பு காட்டிய பக்கமே மாணவிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். நடுவில் ஒரு செங்குத்துப் பள்ளம். ஏறித் திரும்பிச் சுற்றி வண்டிக்கு வர இரண்டரை மணி நேரம். இருட்டிவிட்டது. கடைசியாக வந்த பெண்ணின் செருப்பு அறுந்து, காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, காலையில் ஏறும்போதே பாதை பிரியும் ஒவ்வொரு இடத்தையும் கருவியில் ஒரு புள்ளியாகப் பதிந்து வைத்திருப்பதுதான். சேர்வலாற்றுப் பெரியவர் ஒவ்வொரு கவட்டுப் பாதையிலும் ஒரு குச்சியை ஒடித்துப் போட்டுக்கொண்டே வந்தார். அதே வேலைதான். இப்போது வண்டியை விட்டு இறங்கியதும் முதல் புள்ளி, அப்புறம் பாதை பிரிகிற இடமெல்லாம் ஒரு புள்ளி. திரும்பும்போது வண்டியை நோக்கிப் போவதில்லை, கடைசியாகப் போட்ட புள்ளிக்குப் போகிறேன், அங்கிருந்து அதற்கு முந்தியதற்கு.

விலை குறைந்த கருவிகளில் தனித் திசைகாட்டி இருக்காது. அவற்றில் நீங்கள் நடந்தால்தான் அம்பு சரியாகத் திரும்பும். நின்றுகொண்டு பார்த்தால் தப்பான பக்கம் காட்டும். பாதை தவறியவர் செய்கிற முதல் காரியமே நிற்பதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 20 அடி நடந்து, பிறகு பாருங்கள்.

*

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு இரண்டு பிள்ளைகளோடு போகிறோம். கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க ஜிபிஎஸ் வாங்கிக் கட்டிவிடலாமா?
— ஒரு தாய், வீரவநல்லூர்

வேண்டாம் அம்மா. கையடக்க ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கடையில் ‘டிராக்கர்’ என்று விற்பதற்குள் ஒரு சிம் இருக்கும், அதற்கு டவர் வேண்டும். அந்தக் காட்டில் அதை நம்ப முடியாது. பிள்ளைகளின் முன்கையில் அழியாத பேனாவால் ஃபோன் நம்பர் எழுதுங்கள். சேர்ந்துகொள்ள ஒரு இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

*

எங்கள் 12 செண்ட் இடத்தில் பக்கத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார். நானே ஜிபிஎஸ் வைத்து அளந்து காட்டினால் பஞ்சாயத்தில் எடுபடுமா?
— சேரன்மகாதேவி வாசகர்

எடுபடாது ஐயா. எடுபடவும் கூடாது. கணக்கைப் பாருங்கள். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, அதாவது 40 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உங்கள் 12 செண்ட், சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 22 மீட்டர். ஒரே ஒரு பக்கம் 3 மீட்டர் தள்ளினாலும் 66 சதுர மீட்டர் கூடும் அல்லது குறையும். ஒன்றரை செண்ட்டுக்கு மேல்! நீங்கள் சண்டை போடுவதே அதைவிடச் சின்ன அளவுக்காக இருக்கலாம்.

முக்கூடல் பக்கம் எங்கள் அப்பா வழியில் வந்த 20 செண்ட் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஒரே காலையில் மூன்று தடவை வேலியோரமாகச் சுற்றிப் பரப்பைக் கணக்கிட்டேன். முதல் சுற்றில் 18.6, அடுத்து 21.4, மூன்றாவது 19.7. வடகிழக்கு மூலையில் ஒரு பனை நிற்கிறது. முதல் சுற்றில் அதன் தூரில் முதுகைச் சாய்த்து நின்று புள்ளி போட்டேன். மூன்றாவது சுற்றில் அதே தூரில் சாய்ந்து நின்றபோது, கருவி என்னைப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றடியில் காட்டியது. இரண்டு முறையும் திரையின் ஓரத்தில் ‘துல்லியம் 3 மீ’ என்றுதான் இருந்தது. அந்த 3 மீட்டர், கருவி தன்னைப் பற்றிப் போடுகிற மதிப்பீடு. அதைத் தாண்டியும் தள்ளும்.

முன்பு இதைவிட மோசம். பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது, 100 மீட்டர் வரைகூடத் தள்ளும். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு இது உதவியது.

தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, புலப்படத்தை, அதாவது உங்கள் இடத்தின் எல்லை அளவுகள் போட்ட அரசு வரைபடத்தை, வைத்து சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். சர்வேயர்கள் இப்போது கொண்டுவரும் ஜிபிஎஸ் வேறு ரகம். நிலையாக நிறுத்திய இன்னொரு கருவியின் திருத்தத்தை வாங்கிக்கொண்டு, செண்டிமீட்டர் கணக்கில் சொல்லும். உங்கள் கையில் இருப்பது ஐந்து ஏக்கர் வயலில் எத்தனை ஏக்கர் நட்டோம் என்று பார்க்க உதவும். அங்கே பக்கம் 140 மீட்டர் இருக்கும், 3 மீட்டர் பிழை பெரிதாகத் தெரியாது.

*

உவரி கடற்கரையில் நின்று ஃபோனில் ஒரு ஜிபிஎஸ் செயலியைத் திறந்தேன். உயரம் மைனஸ் 90-க்கும் கீழே காட்டுகிறது! கடல் மட்டத்துக்கு அவ்வளவு கீழேயா நிற்கிறேன்? ஃபோன் கெட்டுவிட்டதா?
— புவியியல் மாணவி, திசையன்விளை

அருமையான கேள்வி. இந்த மூட்டையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஃபோன் கெடவில்லை. செயற்கைக்கோள் கணக்குக்கு பூமி வழவழப்பான ஒரு முட்டை வடிவம். அந்தக் கற்பனை முட்டையின் மேற்பரப்பிலிருந்துதான் உயரத்தை அளக்கிறது. நிஜக் கடல் அப்படி வழவழப்பாக இல்லை. ஈர்ப்பு விசை கூடிய இடத்தில் மேடு, குறைந்த இடத்தில் பள்ளம். உலகத்திலேயே பெரிய பள்ளம் நம் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கற்பனை வடிவத்தைவிட 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் நம் கடற்கரை. நல்ல கையடக்கக் கருவிகளில் இதற்கான திருத்த அட்டவணை உள்ளேயே இருக்கும், கரையில் நின்றால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். உங்கள் செயலி திருத்தாமல் அப்படியே கொடுக்கிறது. அமைப்புகளில் ‘கடல் மட்ட உயரம்’ என்று மாற்ற முடிகிறதா பாருங்கள்.

அதைத் திருத்திய பிறகும் உயரம் கொஞ்சம் முன்பின் ஆடும். தரையில் 5 மீட்டர் பிழை என்றால் உயரத்தில் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவிகள் ஏற்ற இறக்கத்தை அழகாகக் காட்டும், ஆனால் அவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்தில் இருந்து, மாலை நாலு மணிக்கு 3, 4 மில்லிபார் குறையும். ஒரு மில்லிபார் குறைந்தால் கருவி சுமார் 8.5 மீட்டர் ஏறியதாக நினைக்கும். பாளையங்கோட்டையில் என் மேஜையை விட்டு நகராமல் இருந்த கருவி, சாயங்காலக் காபி நேரத்தில் 28 மீட்டர் உயர்ந்து நின்றது. அதனால் ஏறுவதற்கு முன் உயரம் தெரிந்த இடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு எங்கும் தேட வேண்டாம். ரயில் நிலையத்து மஞ்சள் பெயர்ப்பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். நான் அம்பாசமுத்திரம் ஸ்டேஷன் பலகையைப் பார்த்துத்தான் மலைக்கு ஏறுவேன்.

*

பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடம், 58 எச் தொகுதித் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். ஜிபிஎஸ் எண்களை அதில் வைத்தால் ஊர் தள்ளி விழுகிறது.
— ஓய்வுபெற்ற வாசகர், கல்லிடைக்குறிச்சி

அந்தத் தாள், பூமியின் வடிவத்துக்கு அந்தக் காலத்தில் வைத்திருந்த எவரெஸ்ட் அளவையின்படி வரைந்தது. கருவி, ஜிபிஎஸ்ஸுக்கான டபிள்யூஜிஎஸ்84 அளவையின்படி பேசுகிறது. இரண்டுக்கும் நம் பக்கத்தில் 200 மீட்டருக்குப் பக்கமாக வித்தியாசம் வரும். கருவியின் அமைப்பில் ‘டேட்டம்’ என்ற இடத்தில் இந்தியாவுக்கான எவரெஸ்ட் அளவையைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

*

துபாயில் இருக்கும் மகன் செயற்கைக்கோள் வழியே மெசேஜ் அனுப்பும் ஜிபிஎஸ் வாங்கி வருகிறேன் என்கிறான். வாங்கலாமா?
— மேலப்பாளையம் வாசகர்

வேண்டாம் என்று இன்றைக்கே ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இரிடியம், துரையா போன்ற செயற்கைக்கோள் வழியே பேசும் அல்லது செய்தி அனுப்பும் கருவிகளை உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டுக் கைதானவர்கள் உண்டு. சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. பெட்டியில் ‘இன்ரீச்’ அல்லது ‘எஸ்ஓஎஸ்’ என்று போட்டிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டிருந்தால் வேண்டாம்.

அப்படியே, எதை வாங்குவது என்று கேட்ட மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கார்மின் இட்ரெக்ஸ் வரிசையில் 22எக்ஸ் நடுத்தரம், மெமரி கார்டு போடலாம். 32எக்ஸில் திசைகாட்டியும் காற்றழுத்தமானியும் கூடுதலாக உண்டு. எஸ்இ என்பதில் மேப் கிடையாது, ஆனால் இரண்டு செல்லில் 168 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள். புள்ளி போட்டுத் திரும்பி வருவது மட்டும்தான் வேலை என்றால் அதுவே போதும். மேப்புக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து இலவசமாக இறக்கிக் கார்டில் போட்டுக்கொள்ளலாம். நம் பக்கத்துக் குளங்கள், ஊர்ச் சாலைகள் அதில் நன்றாகவே இருக்கின்றன. ரீசார்ஜ் செல் போட்டால் பேட்டரி வகையையும் அமைப்பில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மீதம் எவ்வளவு என்பதைத் தப்பாகக் காட்டும். எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள். என் கருவி ஒன்று செல் ஒழுகித்தான் வீணானது. ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்துவிட்டது.

*

தங்கச்சி, பார் (கடலுக்கடியில் மீன் கூடும் பாறை) இருக்கும் இடத்தைக் கூட்டாளி ஃபோனில் சொன்னார். அவர் சொன்ன நம்பரைத்தான் போட்டேன். போய்ப் பார்த்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. கருவி கோளாறா?
— மீனவர், கூட்டப்புளி

கருவி சரியாக இருக்கிறது அண்ணாச்சி. கடலுக்கு மேலே மரமும் இல்லை, மலையும் இல்லை, ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிற இடமே அதுதான். நம்பர் எழுதின விதத்தில்தான் கோளாறு. உங்கள் கூட்டாளியின் திரையில் 8° 03.500' என்று இருந்திருக்கும். மூணுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது தசமப்புள்ளி. அது மூன்றரை நிமிடம், அதாவது 3 நிமிடம் 30 விநாடி. அவர் ‘எட்டு, மூணு, ஐம்பது’ என்று வாயால் சொல்ல, விநாடி கேட்கும் உங்கள் கருவியில் நீங்கள் 8° 03' 50" என்று போட்டிருப்பீர்கள். 20 விநாடி வித்தியாசம். ஒரு விநாடிக்குச் சுமார் 31 மீட்டர். மொத்தம் 600 மீட்டருக்கு மேல். நீங்கள் எழுதியிருந்த தூரத்தோடு இது அப்படியே பொருந்துகிறது.

இரண்டு பேரும் கருவியை ஒரே முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிகிரி, நிமிடம், நிமிடத்தில் தசமம் மூன்று இலக்கம், இதுதான் கடலுக்கு வசதி. கருவி தவறி விழுந்தாலும் மிதக்கிற மாதிரி வேண்டுமென்றால் ஜிபிஎஸ்மேப் 79 வரிசை இருக்கிறது. சாதாரண இட்ரெக்ஸ் தண்ணீரைத் தாங்கும், ஆனால் முங்கிப் போய்விடும், கழுத்தில் கயிறு கட்டாமல் கொண்டு போகாதீர்கள்.

கோயில் கோபுரமும் மலை முகடும் ஒரே நேர்கோட்டில் வருவதைப் பார்த்துப் பார் பிடிக்கிற வித்தை உங்கள் அப்பாவிடம் கற்றது என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு பாருக்கும் எந்தக் கோபுரம், எந்த முகடு என்பதையும் ஜிபிஎஸ் நம்பரையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். நம்பரில் ஒரு இலக்கம் மாறிப்போனால் எது தப்பு என்று அந்தக் கோபுரம் சொல்லிவிடும். மழைக்காலத்தில் முகடு மறைந்திருக்கும் நாளில் நம்பர் உதவும். நோட்டை எண்ணெய்த்தாள் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள், படகில் வேண்டாம்.